தறிக் குடோனில் ஓடிய டெஸ்க்டாப்பைத் திறந்தபோது

கோவை மாவட்டம் சோமனூருக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்குப் பதினாறு விசைத்தறி ஓடுகிறது. தறிக் குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. ஊடை நூல் மூட்டை, மடித்து அடுக்கிய காடாத் துணி, ஓர் இரும்பு மேசை, அந்த மேசைக்கு அடியில் தரையோடு தரையாக ஒரு கம்ப்யூட்டர். 2013-ல் வாங்கியது. டேலிக் கணக்கு, கூலி பில், தங்கச்சியின் பிளஸ் டூ பாடம், அவள் ஆடும் கேம் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான்.

சித்திரைக் கடைசியில் சித்தப்பா போன் செய்தார்.

"கண்ணு, பொட்டியப் போட்டா பதினஞ்சு நிமிசந்தான், பட்டுனு அணைஞ்சு போவுது. கடைல காட்டுனேன். போர்டு போயிருச்சு, புதுசு முப்பதாயிரம் ஆவும்ங்கறாங்க. நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லு, அப்பறம் வாங்கிக்கலாம்."

"சரிங்க சித்தப்பா, ஞாயித்துக்கெழமை வர்றனுங்க. அதுவரைக்கும் போடாம வெய்ங்க."

நம் பக்கத்தில் தறி, சைசிங், ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி எதுவும் இல்லாத ஊர் குறைவு. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிட்டது என்று எடைக்குப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அவற்றில் பல வயதாகிப் போகவில்லை, மூச்சு முட்டிப் போகின்றன என்பது என் எண்ணம். இந்த முறை அதை அளந்து பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

போனதும் மூடியைக் கழற்றவில்லை. முதலில் விண்டோஸுக்கே போகாமல், பவர் போட்டவுடன் டெலீட் பொத்தானை அழுத்தி, போர்டே காட்டும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். கம்ப்யூட்டர் தானாக அணைகிறது என்றால் நம் ஊரில் முதலில் சொல்வது "பார்மட் அடிச்சுப் பார்க்கலாம்" என்பதுதான். பயாஸ் திரையில் விண்டோஸ் இல்லை, வைரஸ் இல்லை, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் எதுவும் ஓடவில்லை. அங்கேயும் அணைந்தால் பார்மட் அடித்துப் பயனில்லை என்பது ஐந்து பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும். அந்தத் திரையிலேயே கணினியின் மூளையான சிபியூ சிப்பின் வெப்பநிலையும் ஓடிக்கொண்டிருக்கும்.

போட்டவுடன் 64 டிகிரி. மூன்றாம் நிமிடம் 82. ஆறாம் நிமிடம் 97. பதினோராம் நிமிடம் திரை இருண்டது. உடனே திரும்பப் போட்டால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கால் மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் பத்து நிமிடம் ஓடியது. போர்டு போயிருந்தால் இப்படி ஆறினால் ஓடி, சுட்டால் நிற்கும் ஒழுங்கு இருக்காது. சிக்கல் சூட்டில்தான்.

உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-3470. 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ் வரிசை, நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். 105 டிகிரியைத் தொட்டால் இந்தச் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். சித்தப்பா சொன்ன "முதல்ல மெதுவாப் போவும், அப்பறம் அணையும்" என்பதும் இதனோடு அப்படியே பொருந்தியது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். சிபியூ மேல் இருக்கும் ஃபேன் சுற்றத்தான் செய்தது. ஆனால் ஃபேனுக்கும் அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மெத்தை. விரலை விட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், வட்டமாக ஒரே துண்டாக உரிந்து வந்தது. அரை அங்குலக் கனம். தங்கச்சி அதைக் கையில் வாங்கி, "அண்ணா, இது நம்ம தறிப் பஞ்சேதாண்ணா" என்றாள்.

தெருப்புழுதி வேறு, தறிப் பஞ்சு வேறு. புழுதி தனித்தனித் துகளாகப் படியும், ஊதினால் போகும். பஞ்சு இழை இழையாக ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். அதோடு பாவு நூலுக்கு சைசிங்கில் கஞ்சி போடுகிறார்கள் அல்லவா, தறி அடிக்கும்போது அந்தக் கஞ்சி மாவும் உதிர்ந்து பஞ்சோடு சேர்ந்து பறக்கும். தறிக்கு விடும் எண்ணெயின் பிசுக்கும் காற்றில் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து படிந்தால் அட்டை மாதிரி ஆகிவிடும். ஃபேன் என்ன வேகத்தில் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டிக் கீழே போகாது. கணினியைப் பற்றி எழுதுகிறவர்கள் "ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூசு தட்டுங்கள்" என்று சொல்வது நம் குடோன்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சித்தி பங்க்சர் கடையில் காற்றுப் பிடித்து ஊதலாமே என்றார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கம்ப்ரசர் டாங்கியில் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு ஈரமும் வரும். அழுத்தமும் அதிகம். பெயின்ட் அடிக்கும் ஓர் அங்குலப் பிரஷ்ஷும் கையில் பிடிக்கும் சின்ன புளோயரும் போதும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுப்போகும்.

பஞ்சை எடுத்ததோடு நிறுத்திவிட்டு, வேறு எதையும் தொடாமல் திரும்ப பயாஸில் விட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என் பழக்கம். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது. இந்த முறை 83 டிகிரியில் நின்றது. அரை மணி நேரம் அணையவில்லை. சித்தப்பாவுக்கு அப்போதே திருப்தி.

எனக்கு இல்லை. சும்மா இருக்கும்போதே 83 என்றால் வேலை கொடுத்தால் என்ன ஆகும்? பென் டிரைவில் இருந்த லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸில் கணினியை ஏற்றி நான்கு கோருக்கும் முழு வேலை கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் 104. வேகம் குறைய ஆரம்பித்தது.

அந்த ஃபேனும் அலுமினியத் தகடுகளும் சேர்ந்த கூலரைக் கழற்றியபோதுதான் பாதிக் கதை புரிந்தது. இன்டெல்லோடு வரும் கூலருக்கு நான்கு மூலையில் நான்கு பிளாஸ்டிக் பின் உண்டு, போர்டில் உள்ள துளையில் அழுத்தி மாட்டுவது. அதில் ஒன்று துளைக்குள் போய்ப் பிடிக்கவே இல்லை, மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் ஒரு பேஸ்ட் வைப்பார்கள், அது காய்ந்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு பாதியில் நன்றாக நசுங்கிப் பரவியிருக்கிறது, மறு பாதியில் வைத்த மேனிக்குக் கட்டியாக நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஃபேன் சுத்தம் செய்து மாட்டினார்களாம். அன்றிலிருந்து கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்திருக்கிறது. பஞ்சு அதன் மேல் ஏறியதும் தாங்கவில்லை.

போர்டு பெட்டிக்குள் இருக்கும்போதே இந்தப் பின்னை மாட்டினால் சரியாகப் பிடித்ததா என்று பார்க்க வழியில்லை. அதனால் போர்டையே கழற்றி வெளியே எடுத்தேன். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். சித்தப்பா வீட்டில் துணிக்கா பஞ்சம்? ஆனால் இழை விடாத துணியாக வேண்டும் என்பதால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைத்தான் பயன்படுத்தினேன். நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புதுப் பேஸ்ட். பின்களை எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். 'டிக்' என்று நான்கு சத்தம் கேட்க வேண்டும். பிறகு போர்டைத் திருப்பிப் பிடித்து, நான்கு துளையிலும் பின் ஒரே அளவில் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கடைசிப் படியை விட்டதால்தான் இந்தப் பெட்டி இரண்டு வருடம் வெந்திருக்கிறது.

மாட்டிப் பார்த்தால் சும்மா இருக்கையில் 44, முழு வேலையில் 69. அறையில் அன்று 35 டிகிரி. ஐவி பிரிட்ஜில் சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் இடையில் இன்டெல் பேஸ்ட்தான் வைத்தது, முந்தைய சாண்டி பிரிட்ஜில் உலோகத்தால் பற்றவைத்திருந்தது. ஆகவே இந்த வரிசை கொஞ்சம் சூடாகத்தான் ஓடும். அதற்கு 69 நல்ல எண்.

இன்னொன்று. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. தங்கச்சி "நெட்டும் வரமாட்டேங்குதுண்ணா, எல்லா சைட்டும் பாதுகாப்பு இல்லைங்குது" என்று சொன்னதற்கும் காரணம் அதுதான். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது. போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 செல் 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.1 காட்டியது. புதிது போட்டதும் நெட் வந்துவிட்டது. பேஸ்ட்டும் செல்லும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். சித்தப்பா சொன்ன பழுதுக்கான செலவு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு போனது பழுதுக்காக இல்லை, மெதுவாக இருப்பதற்காக. விண்டோஸ் 7 எழுந்து டேலி திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தங்கச்சி கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் கணக்கு அதில் திறப்பதே இல்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது, ஸ்டீம் 2024 ஜனவரி 1-ல் அதைக் கைவிட்டது.

ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கெட்டுப்போய் மாற்றி எழுதப்பட்ட செக்டர் 40, படிக்க முடியாமல் காத்திருப்பவை 6. பதினொரு வருடக் கணக்கு இதில் மட்டும்தான் இருக்கிறது, வேறு எங்கும் நகல் இல்லை. இந்த நிலையில் உள்ள டிஸ்கில் விண்டோஸை ஓடவிட்டுக் கோப்புகளை இழுத்துப் போடக் கூடாது. படிக்க முடியாத இடத்தில் அது திரும்பத் திரும்ப முட்டும், டிஸ்க் இன்னும் கெடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. முதல் சுற்றில் நன்றாக இருக்கும் இடங்களை எல்லாம் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். என்னுடைய வெளி டிஸ்குக்கு நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் சித்தி போட்ட சாப்பாடும், தறி நிறுத்திய ஞாயிறு மத்தியானத்து அமைதியும் நன்றாக இருந்தன. டேலிக் கோப்புறை சேதமில்லாமல் வந்தது. அதை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைச் சித்தப்பாவின் பீரோவில் வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் எழுதி வைக்கும் 480 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். இந்தப் போர்டு எச்61 சிப்செட். அதில் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்புக்கு 3 கிகாபிட் வேகம்தான், அதாவது நொடிக்குச் சுமார் 300 எம்பிக்கு மேல் போகாது. பெட்டியில் போட்டிருக்கும் 500 எம்பி கிடைக்காதே, பழைய போர்டில் எஸ்எஸ்டி வீண்தானே என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். வீண் இல்லை. 7200 சுற்று டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்ட் ஆகும். தலை நகர்ந்து, சரியான இடம் சுற்றி வர ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லை. உங்கள் கைக்குத் தெரியும் வேகம் அதுதான். பழைய கணினிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி என்பேன்.

ராம் ஒரே 4 ஜிபி இருந்தது. காந்திபுரம் பக்கம் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் ஒரே மாதிரி இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கினேன். பழைய ராமை மாட்டும் முன் தங்க நிறக் காலை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிட வேண்டும். பிழை ஒன்றுகூட வரக் கூடாது. ராமில் ஒரு பிழை இருந்தாலும் அது ஒரு நாள் கணக்கில் போய் உட்காரும்.

எந்த ஓஎஸ் போடுவது என்பதில்தான் யோசனை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதைக் கேட்கிறது. இது 3-ஆம் தலைமுறை. ஏமாற்றி நிறுவ வழிகள் இருக்கின்றன, என் சொந்தக் கணினியில் செய்தும் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்தவர் கணக்கு இருக்கும் பெட்டியில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நன்றாக ஓடும் ஒரு சிப்பை ஒரு பட்டியலில் இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது சரியில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். சோமனூரில் பதினாறு தறிக்குக் கூலி பில் போட ஐ5-3470 இன்னும் பத்து வருடத்துக்குப் போதும்.

லினக்ஸ் மின்ட் 22-ல் கனமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டேன். 2029 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஜிஎஸ்டி, இ-வே பில், வங்கி எல்லாம் பிரவுசரில் நடப்பதால் இதிலேயே ஆகிவிடும். டேலி மட்டும் விண்டோஸ் கேட்கும். அதற்காக 120 ஜிபி ஒதுக்கி விண்டோஸ் 10 வைத்தேன். அதில் பிரவுசரைத் திறப்பதில்லை, மெயில் பார்ப்பதில்லை, பென் டிரைவ் சித்தப்பா கையால் மட்டும் என்று பேச்சு.

சித்தப்பா முதலில் பயந்தார். "புதுசாத் தெரியாததை எல்லாம் போட்டுட்டா நாளைக்கு நீ இல்லாதப்ப நான் என்ன கண்ணு பண்றது?"

நியாயமான கேள்வி. அதனால் அன்று சாயங்காலம் நான் எதையும் தொடவில்லை. அவரையே உட்கார வைத்து இ-வே பில் ஒன்று போடச் சொன்னேன். கீழே இடது மூலையில் மெனு, அதில் பிரவுசர், பிரிண்டர் தானாகவே தெரிந்தது. இருபது நிமிடத்தில் பில் வெளியே வந்தது. தறிக்காரர்கள் பெயர்ப் பட்டியலைத் தமிழில் அடிக்க தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு. க-வுக்கு அடுத்து ஆ அடித்தால் கா வரும் என்று பழக இரண்டு நாள் ஆகும், பழகிவிட்டால் வேறு எதற்கும் போக மாட்டீர்கள். அதைத் தங்கச்சிதான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு அவளுக்கானது. இந்தப் பெட்டியில் அவள் ஆடிக்கொண்டிருந்தது கிரிக்கெட் 07. 2006-ல் வந்த கேம், அந்த வரிசையில் அதற்குப் பிறகு ஒன்று வரவே இல்லை. ஆனாலும் நம் நாட்டுப் பிள்ளைகள் புது அணிகளை அவர்களாகவே செய்து ஏற்றி இன்றுவரை ஆடுகிறார்கள். நானும் அவள் வயதில் மின்வெட்டுக்கு நடுவே யுபிஎஸ் கத்தக் கத்த இதையேதான் ஆடினேன். நன்றாகச் செய்த ஒரு கேமுக்குக் காலாவதி கிடையாது. சிப்போடு வரும் எச்டி 2500 கிராஃபிக்ஸே அதற்குப் போதும்.

அவள் கேட்டது ஜிடிஏ 5. கணினிக்கு 2015-ல் வந்தது. அதன் பரிந்துரைப் பட்டியலைத் திறந்து காட்டினேன். சிபியூ: இன்டெல் ஐ5-3470. சொல்லி வைத்த மாதிரி இதே சிப். ராம் 8 ஜிபி, கிராஃபிக்ஸ் ஜிடிஎக்ஸ் 660. குறை கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுதான்.

பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016-ல் வந்த கார்டு, 4 ஜிபி, 75 வாட். போர்டின் ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும் என்பதால் தனி பவர் கேபிள் வேண்டாம். இதைவிடப் பெரிய கார்டு வாங்கத் தங்கச்சி ஆசைப்பட்டாள். மானிட்டரைக் காட்டினேன். 1366-க்கு 768. முழு எச்டி திரையில் இருக்கும் புள்ளிகளில் ஏறத்தாழ சரிபாதி. கார்டுக்குப் பாதி வேலைதான். திரையை மாற்றாமல் கார்டை மட்டும் பெரிதாக்குவது பணத்தைக் கிணற்றில் போடுவது. கேமிங் கணினி பற்றிப் பேசுகிறவர்கள் மானிட்டரிலிருந்து ஆரம்பிப்பதே இல்லை, அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் அதே மானிட்டரில் நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். அதற்கு விஜிஏ இணைப்பு மட்டும்தான். 1050 டிஐ வரிசையில் விஜிஏ போன்ற அனலாக் வெளியீடே கிடையாது. கார்டில் உள்ள டிவிஐ துளையும் டிவிஐ-டி, அதில் அனலாக்குக்கான நான்கு துளை இல்லாததால் கையில் இருந்த சாதாரண மாற்றி மாட்டவே இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு உள்ளேயே சில்லு வைத்து மாற்றும் கன்வெர்ட்டர்தான் வேண்டும். கருமத்தம்பட்டி வரை போய் வாங்கி வர ஒரு மணி நேரம். 750 டிஐ வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது, அதில் டிவிஐ-ஐ உண்டு. பழைய திரை வைத்திருப்பவர்கள் கார்டு வாங்கும் முன் பின்பக்கத் துளைகளைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினோம். ஐந்தாவது நிமிடம் கணினி ரீஸ்டார்ட் ஆனது. சூடு பார்த்தேன், 66. சூடு இல்லை. மல்டிமீட்டரை எடுத்து, பெட்டிக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயரில் வைத்தேன். சும்மா இருக்கையில் 11.9 வோல்ட், ஆட்டம் ஓடும்போது 11.1. 12 வோல்ட்டுக்கு ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளேயும் அதே பஞ்சு, இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது.

கெப்பாசிட்டர் மாற்ற எனக்குத் தெரியும். இருந்தும் மாற்றவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் நம் 230 வோல்ட் மின்சாரம் 325 வோல்ட் டிசியாக நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். அதோடு இந்த வீட்டு மின்சாரமும் லேசானதில்லை. கரண்ட் வந்து பதினாறு தறியும் ஒன்றாகக் கிளம்பும்போது அந்த அறைப் பிளக்கில் 195 வோல்ட் அளந்தேன். இந்த இடத்துக்கு நல்ல எஸ்எம்பிஎஸ் அவசியம். 80 பிளஸ் முத்திரை உள்ள 450 வாட் புதிது வாங்கினோம். ஆட்டத்தில் 12.1 வோல்ட், அசையவில்லை. யுபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தது, அதையும் மாற்றச் சொன்னேன்.

ஜிடிஏ 5-ன் கதை ஆட்டம் மின்ட்டிலேயே ஓடுகிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற அடுக்கை வால்வ் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது, ஸ்டீமுக்குள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவள் திரையில் நொடிக்கு ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஃபிரேம் வந்தது. ஆன்லைன் ஆட்டம் மட்டும் லினக்ஸில் கிடையாது. 2024 செப்டம்பரில் அதற்கு பேட்டில்ஐ என்ற மோசடித் தடுப்பைச் சேர்த்தபோது இந்தப் பக்கக் கதவை மூடிவிட்டார்கள். அவள் தோழிகள் ஆடும் வாலரன்ட்டும் இதில் வராது. அதன் மோசடித் தடுப்பான வேன்கார்ட், ஓஎஸ்ஸின் அடித்தளம் வரை இறங்கி உட்காரும். ஒரு கேமுக்காக, கணக்கு வைத்திருக்கும் கணினியில் அவ்வளவு ஆழமான உரிமையைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கச்சிக்கு இதில் வருத்தம்தான். தோழிகளோடு சேர்ந்து ஆடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும், பிரவுசிங் சென்டரில் நாலு பேர் சேர்ந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்தவன்தான். அதற்கு மாற்றாக அவளுக்கும் அவள் தோழிகளுக்கும் 0 ஏ.டி. என்ற இலவச உத்தி ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், சேர்ந்து ஆடலாம்.

கடைசியில் பஞ்சுக்கு வந்தோம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் இதே மெத்தையை உரிக்க வேண்டியிருக்கும். முதலில் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, குடோன் சுவருக்கு எதிர்ப்பக்க மேசை மேல் வைத்தோம். பஞ்சு தரையில்தான் அதிகம் உருளும். பெட்டியின் பின்னால் ஒரே ஒரு ஃபேன், காற்றை வெளியே தள்ளுவது. அப்படியிருந்தால் உள்ளே காற்று குறையும், ஈடுகட்ட ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் பஞ்சோடு சேர்த்து இழுக்கும். முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை உள்ளே தள்ளும்படி வைத்து, பின் ஃபேனின் வேகத்தைக் குறைத்தேன். இப்போது காற்று முன் வழியாக மட்டும் நுழையும், இடுக்குகள் வழியாக வெளியேறும்.

முன் வழியில் வடிகட்டி வேண்டும். சித்தி உடனே ஒரு காடாத் துண்டை வெட்டிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தோம், 69 ஆக இருந்தது 81-க்கு ஏறிவிட்டது. நெசவு அவ்வளவு நெருக்கம். பழைய நைலான் கொசுவலையை ஒற்றை மடிப்பாக வைத்ததும் 71. வலையின் ஓரத்தில் மடித்துத் தைத்து, உள்ளே சின்னக் காந்தங்களை வைத்துச் சித்தியே தையல் மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். இழுத்தால் வரும், வைத்தால் ஒட்டும். இதில் எனக்குப் பிடித்தது, பஞ்சு இப்போது வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் படிகிறது. தினமும் கூட்டும்போது வலையையும் ஒரு கை தேய்த்துவிடுகிறார்.

எஸ்எஸ்டி, ராம், எஸ்எம்பிஎஸ், கார்டு, ஃபேன் எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரம் ஆனது. கேம் வேண்டாம் என்பவர்களுக்குக் கார்டைக் கழித்தால் எட்டரை.

போன வாரம் திரும்பப் போயிருந்தேன். ஆடிக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து மேற்கு ஜன்னலை உடைக்கிற மாதிரி அடிக்கிறது. குடோனில் பஞ்சு மழை. தங்கச்சி ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாமல் பக்கத்தில் நின்று சூட்டைப் பார்த்தேன், 70. தகட்டைக் கழற்றினேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையே மறுபக்கம் தெரிகிறது. வலையில் மட்டும் வெள்ளையாக ஒரு படலம். அன்று காலை கூட்ட மறந்துவிட்டதாகச் சித்தி சொன்னார். அதைத் தேய்த்துவிட்டு மாட்டினேன். சித்தப்பா பக்கத்து சைசிங் மில்லில் ஒரு பெட்டி இதே மாதிரி அணைகிறதாம், அடுத்த ஞாயிறு வர முடியுமா என்று கேட்டார். முதலில் அதை பயாஸ் திரையில் நிறுத்தி நிமிடத்துக்கு நிமிடம் சூட்டை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.